ஹாபி என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கண் வலிக்கிறவர்கள் இரண்டு தவணையாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுக்கப் படிக்காமல் கமெண்ட் போடாதீர்கள். வகுப்பிலேயே அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும்.

"அது ஒரு ஹாபி டீச்சர், அவ்வளவுதான்." பத்து நாளாக இந்த ஒரே வாக்கியத்தைப் பலர் எனக்கு எழுதிவிட்டார்கள். தபால்தலை சேர்ப்பது ஹாபி, மாடியில் ரோஜா வளர்ப்பது ஹாபி, அதைப்போல இதுவும் ஒன்றாம். என் தம்பி மகன் ஒருபடி மேலே போய், "அத்தை, உங்களுக்கு அமெரிக்கா புரியாது, விட்டுடுங்க" என்று எழுதியிருக்கிறான். எனக்கு அமெரிக்கா புரியாமல் இருக்கலாம். ஆனால் ஹாபி என்ற சொல் நன்றாகவே புரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவர் இப்போது டெக்சாஸில் இருக்கிறார். பெயர் வேண்டாம். நல்ல உத்தியோகம், குடியுரிமையும் வாங்கியாயிற்று, இரண்டு குழந்தைகள். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, லேத்தும் மில்லிங் மெஷினும் வாங்கி வைத்திருக்கிறார். அதில் .50 அளவு ரைபிள் ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொண்டிருக்கிறார். பழைய மாணவர்கள் குழுவில் படம் போட்டார். உடனே கைதட்டல், நெருப்புப் படம், "மச்சி மாஸ்", "நம்ம ஊர் மூளை". ஒருவர் "டீச்சர், உங்க சயின்ஸ் கிளாஸ் வீண் போகலை" என்று என்னையும் அதில் கோத்துவிட்டார். நான் கேட்டது மூன்றே சொல்: "இது எதற்கு, தம்பி?" அதற்குத்தான் இத்தனை பேரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனின் கைவேலையை நான் குறை சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் தேங்காய்த் தொட்டியும் சைக்கிள் போக்குக் கம்பியும் வைத்து தராசு செய்து கொண்டுவந்தவன் அவன். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகாமல் இரும்பைக் கடைவது சாதாரணக் காரியமில்லை. அதற்குப் பொறுமை வேண்டும், கணக்கு வேண்டும். அவன் கெட்டவனும் இல்லை. அமெரிக்காவில் இப்படி ரைபிள் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடும்பஸ்தர்கள்தான். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன். என் சண்டை அவனோடு இல்லை. "நல்ல பையன் செய்கிறான், ஆகவே நல்ல பொருள்" என்று நீங்கள் போடும் கணக்கோடுதான் என் சண்டை.

இந்தப் பொருள் என்ன என்று கைதட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? .50 என்றால் குழலின் வாய் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். தோட்டா முழுசாக ஏறக்குறைய 13.8 சென்டிமீட்டர் நீளம். உங்கள் பேனாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் குண்டு மட்டும் சுமார் 42 கிராம். குழலைவிட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 880 மீட்டர். இப்போது நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் மேலே உள்ள பாடம்தான், உங்களால் முடியும். 16,000 ஜூலுக்கு மேல் வரும். போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு 500 ஜூல் சொச்சம்தான். இதுபோல் முப்பது மடங்கு. ஓர் ஆல்ட்டோ கார் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் வந்து மோதினால் என்ன ஆற்றலோ, அது அத்தனையும் கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு முனையில்.

இதை யார், எதற்காக உண்டாக்கினார்கள்? முதல் உலகப் போரின் கடைசி நாட்களில் விமானத்தையும் கவச வண்டியையும் துளைக்க வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் கேட்டார். ஜான் பிரௌனிங் அதற்கென்று இயந்திரத் துப்பாக்கி வடிவமைத்தார். அந்தத் துப்பாக்கிக்காகப் பிறந்த தோட்டா இது. 1921-ல் ராணுவத்துக்கு வந்தது. மானுக்காகவோ காட்டுப்பன்றிக்காகவோ இலக்குப் பலகைக்காகவோ பிறந்தது இல்லை. பிறந்த காரணமே இரும்பைத் துளைப்பது, இரும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனிதனை அடைவது.

"கத்தியும்தான் கொல்லும் டீச்சர்" என்று ஒரு பதில் வந்தது. இதை எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை, உலகம் முழுக்க இதே பதில். கத்தி வெண்டைக்காய் நறுக்கும், தென்னை ஓலை சீவும், எப்போதாவது எவனாவது அதைக் கொலைக்கு எடுப்பான். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கவச வண்டிக்குள் இருப்பவனைத் தொடுகிற கருவி வீட்டில் வேறு என்ன வேலை செய்யும்? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் "வெறும் ஹாபி"க்கு வருகிறேன். இதில் எனக்குக் கற்பனை எதுவும் வேண்டாம். நடந்த கதை இருக்கிறது.

1982-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ரோனி பாரெட் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். பொறியியல் படித்தவர் இல்லை. துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்தவரும் இல்லை. ஒரு ரோந்துப் படகைப் படம் எடுக்கப் போனார். அந்தப் படகில் இரண்டு பிரௌனிங் .50 இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தியிருந்தார்கள். இந்தத் தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடுகிற மாதிரி ஒரு ரைபிள் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கையால் படம் வரைந்தார். உள்ளூர்ப் பட்டறைகளில் காட்டினார். இது ஆகிற காரியமாக இருந்தால் பெரிய மூளைக்காரர்கள் எப்போதோ செய்திருப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மனுஷன் விடவில்லை. சில மாதத்தில் கராஜில் வைத்தே முதல் ரைபிளைச் செய்து முடித்துவிட்டார். நம் பையனின் ஷெட்டுக்கும் அந்தக் கராஜுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆர்வம், விடாமுயற்சி, கைத்திறன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனம், எல்லாம் அங்கேயும் இருந்தன.

அப்புறம் என்ன நடந்தது? 1989-ல் சுவீடன் ராணுவம் 100 ரைபிள் வாங்கியது. அடுத்து வளைகுடாப் போருக்கு அமெரிக்க ராணுவம் வாங்கியது. அங்கேயாவது நின்றதா? இல்லை. பக்கத்துப் பட்டணத்துக் கடையிலும் அது கிடைத்தது. கடையில் கிடைக்கிற பொருள் யார் கைக்கும் போகும்.

1990-களில் வட அயர்லாந்தின் தெற்கு அர்மா பகுதியில் ஐ.ஆர்.ஏ. கையில் பாரெட் ரைபிள்கள் இருந்தன. 1997 பிப்ரவரி 12-ம் தேதி. பெஸ்புரூக் என்ற ஊர்ச் சோதனைச் சாவடியில் ஸ்டீபன் ரெஸ்டோரிக் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு பெண்ணின் காரை நிறுத்தி, ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு, சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வயசு 23. எங்கோ தூரத்தில் மறைந்திருந்து ஒருவன் சுட்டான். அவனுடைய தாய் பிற்பாடு சமாதானத்துக்காக ஊர் ஊராகப் பேசப் போனார். அந்த அரசியலில் யார் சரி, யார் தப்பு என்பதை நான் இங்கே பேசவில்லை. டென்னசியில் ஒரு புகைப்படக்காரரின் கராஜில் ஆசையாகத் தொடங்கிய ஒன்று, கடல் தாண்டிப் பதினைந்தே வருஷத்தில் எங்கே போய் நின்றது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

மெக்சிகோ இன்னும் மோசம். அந்த நாட்டில் துப்பாக்கிக் கடை என்பதே அபூர்வம், அதையும் ராணுவம்தான் நடத்துகிறது. ஆனால் கடத்தல் கும்பல்களின் கையில் .50 ரைபிள் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2021-ல் சொன்னது: 2014 முதல் 2018 வரை மெக்சிகோவில் பிடிபட்டு, எங்கிருந்து வந்தது என்று தேடப்பட்ட துப்பாக்கிகளில் 70 சதவீதம் அமெரிக்காவைச் சேர்ந்தவை. முறை ரொம்ப எளிது. போலீஸ் வழக்கு எதுவும் இல்லாத ஒரு நல்ல பிள்ளை டெக்சாஸிலோ அரிசோனாவிலோ கடைக்குப் போய், தன் பெயரில் வாங்கி, வெளியே நிற்பவனிடம் கொடுத்துவிடுவான். டெக்சாஸ் என்றதும் நம் குழுவில் ஒருவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2019 அக்டோபர் 17 அன்று குலியகான் நகரத்தில் ஒரு கடத்தல் தலைவனின் மகனை அரசு பிடித்தது. கும்பல் .50 துப்பாக்கிகளோடு தெருவில் இறங்கியது. நகரமே நடுங்கியது. கடைசியில் அரசாங்கமே அவனை விட்டுவிட்டது. ஓர் அரசாங்கம் தன் சொந்த ஊரில் தோற்றது. அடுத்த வருஷம் ஜூன் 26-ம் தேதி மெக்சிகோ நகரத்தின் காவல் தலைவர் கார்சியா ஹர்ஃபுச்சின் கவச வண்டியை விடியற்காலையில் வழிமறித்துச் சுட்டார்கள். தாக்கியவர்கள் கையில் பாரெட் இருந்தது. அவர் காயத்தோடு பிழைத்தார். காவலர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணும் இறந்துபோனாள். அவளுக்கும் அந்தச் சண்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மெக்சிகோ அரசு 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. பாரெட் கம்பெனியும் அதில் ஒரு பிரதிவாதி. 2025 ஜூன் 5-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள், வழக்கு நிற்காது என்று. துப்பாக்கிக் கம்பெனிகளைக் காப்பாற்ற 2005-ல் போட்ட சட்டம் இருக்கிறது. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். செய்தவர் பொறுப்பில்லை, விற்றவர் பொறுப்பில்லை, வாங்கியவர் யார் என்று தெரியவில்லை. செத்தவள் மட்டும் நிஜம். இதற்கு நடுவில் 2016-ல் டென்னசி சட்டமன்றம் அந்த பாரெட்டைத் தங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வ ரைபிளாக அறிவித்துக்கொண்டது. நமக்கு மரகதப்புறா மாதிரி, அவர்களுக்கு இது.

பாரெட் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, கவனியுங்கள். ஐ.ஆர்.ஏ.வுக்கோ மெக்சிகோக் கும்பலுக்கோ செய்து தருகிறேன் என்று அவர் உட்காரவில்லை. செய்கிறவனின் நல்ல மனசு செய்யப்பட்ட பொருளோடு கூடப் போகாது. இதுதான் நான் பத்து நாளாகச் சொல்ல வந்தது. ஹாபி என்பது உன் மனநிலைக்குப் பெயர், தம்பி. உன் ஷெட்டில் இருக்கும் இரும்புக்கு அது பெயராகாது.

"நான் ஒன்றுதானே செய்கிறேன், விற்கப்போவதும் இல்லையே டீச்சர்" என்று அவன் எனக்குத் தனியாக எழுதினான். மரியாதையாகத்தான் எழுதினான். பதிலும் மரியாதையாகவே சொல்கிறேன். அந்த ரைபிளுக்கு என்ன ஆயுசு? 2015-ல் அலபாமா மாநிலத்தின் அனிஸ்டன் ராணுவப் பணிமனைக்குப் பழுதுபார்க்க ஒரு பிரௌனிங் .50 இயந்திரத் துப்பாக்கி வந்தது. அதன் வரிசை எண் 324. செய்து 94 வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் நல்ல நிலையில் இருந்ததைப் பார்த்து அங்கே இருந்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள். நல்ல எஃகு அப்படித்தான், துரு ஏறாமல் வைத்தால் நூறு வருஷம். உனக்கு இப்போது 41 வயசு. நீ நூறு வருஷம் இருக்கப்போவதில்லை. உன் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், அவர்களுக்கு வரும் கோபதாபம், கடன், குடி, மனச்சோர்வு, பூட்டை உடைத்து வரும் திருடன் என்று இத்தனை பேரையும் அந்த இரும்பு பார்க்கும். அத்தனை பேருக்கும் நீ ஜாமீன் கொடுப்பாயா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கடையில் வாங்கிய துப்பாக்கிக்காவது வரிசை எண் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொள்வதற்கு அமெரிக்க மத்தியச் சட்டம் எண் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. டெக்சாஸ் அதில் இல்லை. நாளைக்கு அது தொலைந்தால், யார் செய்தது, எந்த வீட்டிலிருந்து போனது என்று ஒரு சுவடும் கிடைக்காது.

பக்கத்திலேயே ஆபத்து இருக்கிறது, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? இந்தத் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் சதுர அங்குலத்துக்கு ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம். உங்கள் கார் டயரில் முப்பத்திரண்டு. 2021 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தில், துப்பாக்கி வீடியோ போடுகிற ஒருவர் .50 ஒற்றைத் தோட்டா ரைபிளில் பழைய ராணுவத் தோட்டா ஒன்றைச் சுட்டார். பின்பக்கத்துத் திருகு மூடி பிய்ந்து அவர் மேலேயே பாய்ந்தது. கழுத்து நாளம் கிழிந்தது, நுரையீரலிலும் காயம். தன் கட்டைவிரலைக் கழுத்துக்குள் கொடுத்து ரத்தத்தை அடைத்துக்கொண்டார். கூட இருந்த அப்பாதான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆயுசு கெட்டி, பிழைத்துவிட்டார். அந்த ரைபிள் அனுபவப்பட்ட ஒரு கம்பெனி செய்தது. ஷெட்டில் செய்ததில்லை. நம் பையன் போட்ட வீடியோவில் பின்னால் அவன் மகள் ஸ்டூலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைதட்டினவர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

சட்டம் அனுமதிக்கிறதே என்பது அடுத்த வாதம். அனுமதிக்கிறதுதான். 1968-ல் போட்ட சட்டப்படி அரை அங்குலத்துக்கு மேல் வாய் உள்ள துப்பாக்கி அங்கே "அழிவுக் கருவி" என்ற கணக்கில் வரும், அதற்குத் தனிப் பதிவு, தனி வரி. அரை அங்குலம் வரை சாதாரண ரைபிள். இவர்களின் .50 மிகச் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கோட்டைத் தாண்டினாலும் "விளையாட்டுக்கு உகந்தது" என்று அதிகாரிகள் ஒரு முத்திரை குத்திவிட்டால் தப்பிக்கலாம். அந்த முத்திரையோடு .950 என்று ஒன்றைச் செய்தார்கள். அதன் ஒரு குண்டு 230 கிராமுக்கு மேல். ரைபிள் ஏறக்குறைய 40, 50 கிலோ! ஒரு மூட்டை சிமெண்ட்டைத் தோளில் வைத்து எந்த மிருகத்தை விரட்டுவது? இதற்குப் பெயர் விளையாட்டு.

கலிஃபோர்னியா 2004-ல் சட்டம் போட்டு, 2005 ஜனவரி முதல் .50 ரைபிள் விற்பனையைத் தடுத்தது. ஆர்வலர்கள் என்ன செய்தார்கள்? தோட்டாவின் கூட்டைக் கொஞ்சம் மாற்றி, .510 என்று வேறு பெயர் வைத்து, அதே வலுவுள்ள ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சட்டம் எழுதிய மை காயவில்லை. பரீட்சையில் பிட்டைக் கைக்குட்டையில் எழுதிக்கொண்டு வந்து, "டீச்சர், நீங்க பேப்பர்தானே கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னீங்க" என்பவனை நான் பார்த்திருக்கிறேன். பிற்பாடு நியூஜெர்சி 2022-லும் இல்லினாய் 2023-லும் தடுத்தன. அமெரிக்கர்களிலேயே நிறையப் பேருக்கு இது புரிந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், தம்பி மகனே. அத்தைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது.

நம் ஊரில் என்ன நிலை? 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். மலையோரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து ஒரு நாட்டுத் துப்பாக்கியைத் தட்டிக்கொடுத்த கொல்லரை விலங்கு போட்டு உட்கார வைத்துப் பத்திரிகையில் படம் போடுகிறார்கள். அந்தச் செய்தியை நம் குழுவில் பகிர்ந்தபோது "இவனையெல்லாம் சும்மா விடக்கூடாது" என்று எழுதியவர்தான், டெக்சாஸ் படத்துக்கு மூன்று நெருப்பு போட்டிருக்கிறார். அந்தக் கொல்லரின் துப்பாக்கிக் குண்டு தோப்பைத் தாண்டாது. இவனுடையது ஆறு கிலோமீட்டர் வரை பறக்கும். நம் பள்ளிக்கூட வாசலிலிருந்து கிளம்பினால் ஆற்றுப்பாலம், ரயில்வே கேட், மாரியம்மன் கோயில் எல்லாம் தாண்டி அடுத்த ஊர்ச் சந்தையில் போய் விழும்.

"அமெரிக்காவில் .50 வைத்துக் குற்றம் செய்பவர்கள் அபூர்வம், புள்ளிவிவரம் பாருங்கள்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நியாயமான கேள்வி, இந்தப் பத்து நாளில் வந்ததிலேயே இதுதான் உருப்படியானது. உண்மைதான், அங்கே தெருக் குற்றங்களில் இது அபூர்வம். விலை பல ஆயிரம் டாலர், ஒரு தோட்டாவே சில டாலர், தூக்கினால் பதிமூன்று கிலோ. திருட்டுப் பயல் இடுப்பில் செருகிக்கொண்டு போக முடியாது. அபூர்வமாக இருப்பதற்கு விலையும் எடையும்தான் காரணம் அம்மா, அதை வைத்திருப்பவர்களின் ஒழுக்கம் ஒன்றும் பெரிய வேலி இல்லை. யாரிடம் பணமும் வண்டியும் ஆளும் இருக்கிறதோ, அவர்களிடம் இது அபூர்வமாகவா இருக்கிறது? குலியகான் தெருவில் போய்க் கேள்.

"தூரத்து இலக்கைச் சுடுவது ஒரு கலை" என்றும் சொன்னார்கள். ஒப்புக்கொள்கிறேன். 1985-லிருந்து அங்கே .50 சுடுகிறவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது, ஆயிரம் கஜம் தள்ளிப் பலகை வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். இரண்டு மைல் போட்டியும் இருக்கிறது. காற்று, வெயில், ஈரம் எல்லாம் கணக்கிட வேண்டும். ஆனால் திறமைக்கு இவ்வளவு பெரிய வாய் எதற்கு? கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியில் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தாள். பத்து மீட்டர் தூரத்தில் அவள் குறி வைக்கிற நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பால்பாயிண்ட் பேனா வைத்த புள்ளி. அதில் பிறருக்கு என்ன ஆபத்து? கையும் மனசும் அசையாமல் நிற்க வேண்டும் என்பதுதான் கலை என்றால், அதற்கு அந்தப் பெண்ணின் துப்பாக்கி போதும். அது போதாது, இடி மாதிரிச் சத்தம் வேண்டும், தோள் அதிர வேண்டும், எதிரே இருக்கும் இரும்பு சிதற வேண்டும் என்றால், நாம் கலையைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியாக "பாரம்பரியம்" என்று ஒருவர் எடுத்துவிட்டார். பெரிய வாய் ரைபிளைச் சொந்தமாக வடிவமைத்துச் செய்துகொள்வது பழைய கனவான்கள் வழக்கமாம். இருக்கிறது, அந்தப் பாரம்பரியம் நம் பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840-ல் தன் சொந்தத் திட்டப்படி பிரிஸ்டல் நகரத்தில் ஒரு ரைபிள் செய்ய வைத்தார். எடை 21 பவுண்டு, குண்டு மூன்று அவுன்ஸ். அதைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறி, யானை யானையாகச் சுட்டுத் தள்ளி, அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவருக்கு முன்னால் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகக் கணக்கு. 1845-ல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது, அதன் மேலும் இடி விழுந்தது என்று ஊர் ஜனங்கள் சொல்வார்கள். இடி விழுந்ததோ இல்லையோ, ஜனங்கள் அப்படிச் சொல்லி ஆறுதல்பட்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும். ஆயிரத்து நானூறு யானையும் அவருக்குப் பொழுதுபோக்குத்தான்.

ஆகவே தம்பி, உன் படத்துக்கு நான் லைக் போடவில்லை, போடவும் மாட்டேன். உன் லேத்தை விற்றுவிடு என்றும் சொல்லவில்லை. பாதி செய்த ரைபிளை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். குழலை அறுத்துப் போடு. இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. நீ செய்த அந்தத் தேங்காய்த் தொட்டித் தராசு நான் ஓய்வு பெறும் வரை ஆறாம் வகுப்பு அலமாரியில் இருந்தது. வருஷா வருஷம் பிள்ளைகள் அதில் கல்லும் புளியங்கொட்டையும் நிறுத்தார்கள்.

மற்றவர்கள் தாராளமாக மறுத்து எழுதலாம். அனானிமஸ் ஐடியில் வருபவர்களுக்குப் பதில் கிடையாது, சொந்தப் பெயரில் வாருங்கள். வியாழக்கிழமை எனக்குக் கண்ணில் புரை எடுக்கிறார்கள். ஒரு வாரம் போனைப் பார்க்கக்கூடாதாம். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.